ஆற்றுக்கும் வேண்டும் வார விடுமுறை

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., விலங்கியல்)

“தூண்டில் போடுகிறவனுக்கும் மின்சார நிலையத்துக்கும் என்ன தொடர்பு?” என்று எங்கள் விரிவுரையாளர் ஒருநாள் வகுப்பில் வினவினார். நாங்கள் விழித்தோம். விடையாக அவர் சொன்னது அமெரிக்க நாட்டின் ஓர் அணையைப் பற்றிய செய்தி. அதைக் கேட்ட நாள்முதல் என் உள்ளத்தில் குடிகொண்ட ஓர் எண்ணத்தை இம்மலரின் வாயிலாக உங்கள்முன் வைக்கிறேன்.

அரிசோனா மாநிலத்தில் கொலராடோ ஆற்றின் குறுக்கே எழுந்தது கிளென் கேன்யன் அணை. 1963-இல் அது நீரைத் தேக்கத் தொடங்கியது. அதற்குமுன் அந்த ஆறு வண்டல் கலந்து கலங்கி ஓடும். கோடையில் வெதுவெதுப்பாகவும் குளிர்காலத்தில் உறைபனிபோலவும் இருக்கும். அணை வந்தபின், தேக்கத்தின் ஆழத்திலிருந்து தெளிந்த, குளிர்ந்த நீர் ஆண்டு முழுதும் வெளிவந்தது. அம்மண்ணுக்கே உரிய ஹம்ப்பேக் சப் என்னும் கூன்முதுகு மீனுக்கு அக்குளிர் ஒவ்வவில்லை. ஆனால் அங்குக் கொண்டுவந்து விடப்பட்ட வானவில் டிரவுட் மீனுக்கோ அதுவே சொர்க்கமாயிற்று. நம் நீலகிரி ஓடைகளில் ஆங்கிலேயர் கொண்டுவந்து விட்டதும் இதே இனந்தான். அணையிலிருந்து லீஸ் ஃபெர்ரி வரையுள்ள சுமார் 24 கி.மீ. நீர்ப்பரப்பு, டிரவுட் பிடிப்போர் தேடிவரும் இடமாயிற்று.

அவர்கள் தூண்டிலில் மண்புழு கோப்பதில்லை. சிறு முள்ளில் இறகையும் நூலையும் சுற்றி ஈயைப்போல் செய்து நீரில் வீசுகிறார்கள். எந்தப் பருவத்தில் எந்தப் பூச்சி நீரிலிருந்து எழுகிறதோ, அந்தப் பருவத்துக்கு அந்த உருவம். ஆகவே இந்த வேட்டைக்கு ஆதாரம் மீன் அன்று. மீன் உண்ணும் பூச்சி!

அந்தப் பூச்சிக்குத்தான் ஆபத்து வந்தது. மின்சாரத்தின் தேவை பகலில் கூடும், இரவில் குறையும். அதற்கேற்ப அணையிலிருந்து நீரைக் கூட்டியும் குறைத்தும் விடுவார்கள். ஆறு ஒரே நாளில் ஏறி இறங்கும். பூச்சிகளில் பல, நீரின் ஓரத்துக் கற்களில் முட்டையை ஒட்டிவைப்பவை. சில மணி நேரத்தில் நீர் இறங்கிவிட்டால் முட்டை வெயிலில் காய்ந்து மடியும். ஆற்றில் படகு செலுத்துவோர் இரவுதோறும் விளக்குப் பொறி வைத்துப் பூச்சிகளைச் சேகரித்து ஆய்வாளர்களுக்கு அனுப்பினர். அதைக்கொண்டு ஆராய்ந்தவர்கள், நீரின் இந்த ஏற்ற இறக்கமே பூச்சிகள் அருகியதற்குக் காரணம் என்று 2016-இல் எழுதினர்.

பரிகாரம் என்ன? 2018-ஆம் ஆண்டு மே முதல் ஆகஸ்ட் வரை சனி, ஞாயிறு இரு நாட்களிலும் நீரைக் குறைத்து, ஒரே சீராக விட்டார்கள். அந்நாட்களில் மின்தேவையும் குறைவு. தாழ்ந்த நீரோரத்தில் இட்ட முட்டைகள், திங்கட்கிழமை நீர் உயர்ந்ததும் பத்திரமாக நீருக்கடியில் இருந்தன. அவ்வாண்டில் சிலவகைப் பூச்சிகள் பெருகக் கண்டனர். பின்வந்த சில ஆண்டுகளிலும் அச்சோதனை தொடர்ந்தது.

இதைக் கேட்டதும் எனக்கு என் தாயின் நினைவு வந்தது. அவர் நூற்பாலைத் தொழிலாளி. வாரத்தில் ஆறு நாள் ஷிப்டு. ஞாயிறு ஒருநாள்தான் வீட்டிலிருப்பார். எண்ணெய் தேய்த்துவிடுவதும், எழுத்தறியாத அவர் என்னைப் பாடம் வாசிக்கச் சொல்லிக் கேட்பதும் அன்றுதான். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான் என்றால், அந்த ஞாயிற்றுக்கிழமைகளுக்கு அதில் பங்குண்டு. ஓய்வு நாள் என்பது சோம்பலுக்கு அன்று, அடுத்த தலைமுறைக்கு. பூச்சிக்கும் அப்படித்தான் போலும்!

“யாரோ பொழுதுபோக்காக மீன் பிடிக்க, மின்சாரத்தை இழப்பதா?” என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வியே. ஆலை ஓடினால்தான் எங்கள் வீட்டிலும் அடுப்பெரியும். ஆனால் அப்பூச்சிகளை டிரவுட் மட்டுமா உண்கிறது? கூன்முதுகு மீனும், வௌவாலும், பல்லியும், பறவையும் அவற்றை உண்டே வாழ்கின்றன. அணையை இடிக்கச் சொல்லவில்லை. மின்சாரம் வேண்டாமென்றும் சொல்லவில்லை. நீரை எவ்வளவு விடுவது என்பதோடு எப்போது, எப்படி விடுவது என்பதையும் எண்ணிப் பாருங்கள் என்பதே என் வேண்டுகோள்.

நண்பர்களே, நம் நாட்டிலும் அணைகள் பல. அவற்றின் நீர்மட்டத்தை நாள்தோறும் நாளிதழில் காண்கிறோம். அணைக்குக் கீழே நீரோரக் கல்லைப் புரட்டி, அதில் என்ன ஒட்டியிருக்கிறது என்று பார்த்தவர் நம்மில் எத்தனை பேர்? அங்கே படகோட்டிகள் செய்த அத்தொண்டை, விலங்கியல் பயிலும் நாம் செய்யலாகாதா? ஒரு விளக்கும், ஒரு தட்டும், ஒரு நோட்டுப் புத்தகமும் போதும். வரும் கோடை விடுமுறையில் தொடங்குவோம்.