தில்லைக் காடும் நம் வீட்டு விளக்கும்

சிதம்பரத்திற்குத் தில்லை என்று ஒரு பெயர் உண்டென்பது நம் நேயர்கள் எல்லோரும் அறிந்ததே. தில்லை என்பது ஒரு மரம் என்பதும் அநேகருக்குத் தெரிந்திருக்கும். ஆனால் அந்த மரத்தைக் கண்ணால் கண்டவர் எத்தனை பேர் என்று கேட்டால், சிதம்பரவாசிகளே சற்றுத் தயங்குவார்கள். ஒரு காலத்தில் ஊரே தில்லை வனமாக இருந்ததென்று ஸ்தல புராணம் கூறுகிறது. இன்றோ அந்த மரத்தைக் காண வேண்டுமானால் கிழக்கே சுமார் 15 கிலோமீட்டர் பிரயாணம் செய்து, கிள்ளைக்கு அருகிலுள்ள பிச்சாவரத்துக்குப் போக வேண்டும். ஊருக்குப் பெயர் கொடுத்த மரம் ஊரை விட்டே போய், உப்பங்கழி ஓரத்தில் நின்றுகொண்டிருக்கிறது.

சென்ற மாதம் நாம் அங்கே போயிருந்தோம். வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே, கடலும் ஆறும் கலக்கும் இடத்தில், சேற்றிலும் உப்பு நீரிலுமே செழித்து வளரும் அபூர்வமான காடு அது. சுரபுன்னை மரங்களின் வேர்கள் வில்லைப்போல் வளைந்து தண்ணீருக்குள் இறங்குகின்றன. அவற்றின் நிழலில் படகு ஊர்ந்து சென்றபோது, படகோட்டி ஒரு பக்கமாகக் கையைக் காட்டி, "அங்கே தெரியுதுங்களே, அந்தக் காடு எங்க அப்பா காலத்திலே வெறும் உவர்த்தரைங்க. புல்லுகூட முளைக்காது" என்றார். நமக்கு நம்புவது கஷ்டமாக இருந்தது. விசாரித்துப் பார்த்ததில், அவர் சொன்னது முற்றிலும் வாஸ்தவம் என்று தெரிந்தது. அந்தக் கதையை நேயர்களுக்குச் சொல்வது அவசியம் என்று தோன்றுகிறது.

வெள்ளையர் ஆட்சிக் காலத்தில் இந்தக் காட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து, முறை வைத்து மொட்டையாக வெட்டி வந்தார்கள். சுதந்திரம் வந்த பிறகும் 1970-களின் நடுப்பகுதி வரையில் அந்த வழக்கம் நீடித்தது. மரம் போன இடத்தில் வெயில் நேரே விழுந்தது. ஈரம் வற்றி மண் தாழ்ந்து, தட்டைப்போல் குழிந்தது. கடல் ஏற்றத்தில் புகுந்த நீர் வெளியேற வழியின்றி அங்கேயே தேங்கிக் காய்ந்து, மண்ணில் உப்பை ஏற்றிவிட்டது. அந்த உப்பில் கண்டல் மரமும் முளைக்கவில்லை. இவ்வளவுக்கும் பழி யார்மேல் விழுந்தது தெரியுமா? விறகு பொறுக்கிய ஏழைகள்மேலும், அவர்களுடைய ஆடுமாடுகள்மேலும்தான்!

1990-களில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் உண்மைக் காரணத்தைக் கண்டறிந்தார்கள். வனத்துறையும் கிராமத்து ஜனங்களும் கூடிச் சேர்ந்தார்கள். மீனின் முள்ளெலும்பைப் போல், நடுவே ஒரு பெரிய வாய்க்காலும் இருபுறமும் சாய்வாகக் கிளை வாய்க்கால்களும் வெட்டினார்கள். ஏற்றத்தில் கடல் நீர் உள்ளே வந்தது. இறக்கத்தில் உப்பைக் கழுவிக்கொண்டு வெளியே போயிற்று. பிறகு கன்றுகளை நட்டார்கள். வாய்க்காலில் வண்டல் படியும்போதெல்லாம் தூர் வாரினார்கள். மண்வெட்டி பிடித்த கைகளினாலே நூற்றுக்கணக்கான ஏக்கரில் காடு திரும்பி வந்தது.

2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ந் தேதி ஆழிப்பேரலை வந்தபோது, கடலூர் ஜில்லாவின் கரையோரத்தில் நேர்ந்த அழிவை யாரும் மறந்திருக்க முடியாது. அலைக்கு நேர்முகமாக மணல் திட்டுகளில் இருந்த சிற்றூர்கள் சின்னாபின்னமாயின. மரங்களுக்குப் பின்னால் இருந்த ஊர்களில் சேதம் குறைவாக இருந்ததென்று மறு வருஷமே விஞ்ஞானிகள் எழுதினார்கள். அந்த அலைக்குக் காரணம் பூகம்பம். பூமியின் சூட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் இனிமேல் கடலிலிருந்து வரப்போகிற ஆபத்துகள் பலவற்றுக்குச் சம்பந்தம் உண்டு.

அந்தச் சம்பந்தம் என்னவென்று பார்ப்போம். நிலக்கரியையும் எண்ணெயையும் எரிப்பதனால் உண்டாகும் கரியமில வாயு, பூமியின் மேல் கம்பளியைப் போல் கவிந்து, வெளியே போக வேண்டிய உஷ்ணத்தைத் தடுத்து வைக்கிறது. யந்திர யுகம் தொடங்குமுன் காற்றின் பத்து லட்சம் பங்கில் 280 பங்காக இருந்த கரியமில வாயு, இன்று 420-ஐத் தாண்டிவிட்டது. பூமியின் சராசரி உஷ்ணம் ஒரு டிகிரிக்கு மேல் ஏறிவிட்டது. 2024-ஆம் ஆண்டு, அதுவரை கணக்கிட்ட ஆண்டுகளில் எல்லாம் அதிக வெப்பமானதாக அமைந்தது. "ஒரு டிகிரிதானே?" என்று அலட்சியமாகக் கேட்பவர்கள் உண்டு. குழந்தையின் உடம்பில் ஒரு டிகிரி ஏறினால் தாயார் அப்படிக் கேட்கிறாளா? 1900-க்குப் பிறகு உலகத்தின் கடல் மட்டம் சராசரியாகச் சுமார் 20 சென்டிமீட்டர் உயர்ந்திருக்கிறது. கடல் நீர் சூடேற ஏறப் புயல்களுக்கு ஊட்டம் கிடைக்கிறது. 2011-ஆம் ஆண்டு டிசம்பர் 30-ந் தேதி 'தானே' புயல் கடலூர் அருகே கரையேறிப் பண்ருட்டிப் பக்கத்துப் பலாவையும் முந்திரியையும் வேரோடு சாய்த்ததை நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்த ஒரு புயலுக்குப் பூமியின் சூடேதான் காரணம் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் சூடு ஏறிய உலகத்தில் அத்தகைய புயல்களின் உக்கிரம் மிகும் என்று விஞ்ஞானம் எச்சரிக்கிறது.

இனி, அந்தக் கரி எங்கே எரிகிறது? வெகு தூரம் போக வேண்டியதில்லை. அதே கடலூர் ஜில்லாவில் நெய்வேலி இருக்கிறது. 1930-களில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணறு தோண்டியபோது கருமையான பொருள் ஒன்று வெளிப்பட்டது. 1956-இல் அங்கே கம்பெனி ஏற்பட்டது. 1962-இல் அந்தப் பழுப்பு நிலக்கரியிலிருந்து மின்சாரம் பிறந்தது. தமிழ்நாட்டில் எத்தனையோ வீடுகளில் விளக்கு எரிந்ததும், எத்தனையோ பம்புகள் ஓடியதும், ஆயிரக்கணக்கான குடும்பங்கள் பிழைத்ததும் அதனால்தான். அதற்காக நிலத்தை விட்டுக்கொடுத்த உழவர்களையும், சுரங்கத்தில் உழைத்தவர்களையும் நாம் நன்றியோடு நினைக்க வேண்டும். ஆனால் கணக்கையும் மறைக்கலாகாது. ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஏறத்தாழ ஒரு கிலோ பழுப்பு நிலக்கரி எரிகிறது. அதே அளவுக்கோ சற்று அதிகமாகவோ கரியமில வாயு வானத்துக்குப் போகிறது. நாம் வீட்டில் பொத்தானைத் தட்டும்போது புகையைக் காண்பதில்லை, அவ்வளவே.

இங்கே ஒரு நேயர் குறுக்கிட்டு, "மேல்நாட்டார் நூற்றைம்பது வருஷமாக எரித்துத் தீர்த்துவிட்டு, இப்போது நம்மை விளக்கை அணைக்கச் சொல்வது என்ன நியாயம்?" என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதே. சராசரி இந்தியர் ஒருவரின் பங்காக வருஷத்துக்குச் சுமார் 2 டன் கரியமில வாயு வெளிப்படுகிறது. அமெரிக்கர் ஒருவரின் பங்கோ சுமார் 14 டன். முதலில் குறைக்க வேண்டியவர்கள் அவர்களே என்பதில் நமக்குச் சந்தேகமில்லை.

ஆனால் பிச்சாவரத்தில் படகைவிட்டு இறங்குமுன் நாம் கண்ட காட்சி ஒன்று மனத்தைவிட்டு அகலவில்லை. இருளர் வகுப்பைச் சேர்ந்த அம்மாள் ஒருவர் மார்பளவு சேற்று நீரில் நின்று, வெறுங்கையால் இறால் தடவிப் பிடித்துக்கொண்டிருந்தார். அவர் குடிசையில் ஒரு விளக்கும் ஒரு மின்விசிறியும் இருந்தால் அதிகம். கடல் ஓர் அடி உயர்ந்தால் முதலில் தண்ணீர் நுழைவது அந்தக் குடிசையில்தான். காரும் குளிர்சாதனமும் உள்ள நம் போன்ற குடும்பத்தை, இந்தியாவின் சராசரிக்குப் பின்னால் ஒளித்து வைக்கிறோமே, அந்தச் சராசரியைத் தாழ்த்திக் கொடுப்பவர் அந்த அம்மாள்தான்! நமக்கு அமெரிக்கா எப்படியோ, அவருக்கு நாம் அப்படி. மேல்நாட்டாரைக் கேட்கும் கேள்வியை, அவர் நம்மைக் கேட்டால் நாம் என்ன பதில் சொல்வோம்?

பதில் சொல்வதைவிடக் காரியம் செய்வது சுலபம். எதனால் எவ்வளவு பலன் என்பதைக் கணக்கோடு பார்ப்போம்.

முதலாவது, மின்விசிறி. பழைய மாதிரி விசிறி சுமார் 75 வாட் இழுக்கிறது. புது மாதிரி மோட்டார் உள்ளது சுமார் 30 வாட்டில் அதே காற்றைத் தருகிறது. தினம் 12 மணி நேரம் வீதம், வருஷத்தில் 300 நாள் ஓடும் மூன்று விசிறிகளை மாற்றினால், ஏறத்தாழ 480 யூனிட் மிச்சம். அதாவது ஒரு வீட்டின் மூன்று விசிறிகளுக்காக அரை டன் பழுப்பு நிலக்கரி வெட்டப்படாமல் மண்ணிலேயே தங்கலாம். 60 வாட் குண்டு பல்பு இன்னும் எங்கேனும் தொங்கினால், அதே வெளிச்சத்தை 9 வாட் எல்.இ.டி. விளக்கு தரும்.

இரண்டாவது, குளிர்சாதனம். சித்திரை வெயிலில் வயோதிகர்களையும் குழந்தைகளையும் வாட விடச் சொல்லும் கல்நெஞ்சம் நமக்கில்லை. ஆனால் 20 டிகிரியில் வைத்துவிட்டுக் கம்பளி போர்த்திக்கொள்வது என்ன வேடிக்கை? ஒவ்வொரு டிகிரி உயர்த்தி வைப்பதிலும் சுமார் நூற்றுக்கு ஆறு பங்கு மின்சாரம் மிச்சமாகிறது. 26 டிகிரியில் வைத்து, மேலே விசிறியையும் சுழல விட்டால் தூக்கத்துக்குக் குறைவில்லை.

மூன்றாவது, மொட்டை மாடி. அங்கே வடாம் காயவைக்கும் வெயிலிலேயே மின்சாரமும் இருக்கிறது. ஒரு கிலோவாட் சூரியத் தகடு நம் பக்கத்தில் தினம் சுமார் 4 யூனிட் கொடுக்கும். வருஷத்தில் ஒன்றரை டன்னுக்குச் சற்றுக் குறைவான பழுப்பு நிலக்கரிக்கு அது சமம். 2024-இல் மத்திய சர்க்கார் தொடங்கிய திட்டத்தில், மூன்று கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் வரையில் மானியம் வைத்தார்கள்.

நான்காவது, பிரயாணம். கடலூரிலிருந்து சிதம்பரம் சுமார் 45 கிலோமீட்டர். தனி ஆளாகக் காரில் போய் வந்தால் ஆறு லிட்டர் பெட்ரோல் எரியும். சுமார் 14 கிலோ கரியமில வாயு. ரயிலும் பஸ்ஸும் நாம் ஏறினாலும் ஏறாவிட்டாலும் போகத்தான் போகின்றன.

ஐந்தாவது, அடுப்பங்கரை. குப்பை மேட்டில் அடியில் புதைந்து அழுகும் சோறும் காய்கறித் தோலும் மீதேன் என்னும் வாயுவைக் கக்குகின்றன. சூட்டைப் பிடித்து வைப்பதில் அது கரியமில வாயுவைவிடப் பன்மடங்கு பொல்லாதது. வடித்த சோற்றை வீணாக்காதிருப்பதும், தோலையும் தண்டையும் தோட்டத்து எருக்குழியில் சேர்ப்பதும் நம் பாட்டிமார் அறிந்த வித்தைகள். எப்போதும் நீர் தேங்கி நிற்கும் நெல் வயலிலிருந்தும் இதே வாயு எழும்புகிறது. வீராணம் பாசனத்தில் நிலமுள்ள நேயர்கள், காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் விட்டால், தண்ணீரும் மிச்சம், வாயுவும் குறையும்.

இத்தனையும் செய்தாலும், தனி வீடுகள் மட்டும் பூமியின் ஜுரத்தை இறக்கிவிட முடியாது. சூரியனாலும் காற்றாலும் பிறக்கும் மின்சாரம் பெருக வேண்டும். நெய்வேலித் தொழிலாளிக்கு மாற்று ஜீவனம் ஏற்பட வேண்டும். ஊருக்கு ஊர் நல்ல பஸ் வேண்டும். ஏரிகள் தூர் வாரப்பட வேண்டும். இவையெல்லாம் சர்க்கார் காரியங்கள். ஆனால் ஓட்டுக் கேட்டு வாசலுக்கு வருகிறவர்களிடம் நாம் வாய் திறந்து கேட்டாலன்றி இவை நடப்பதில்லை. தன் வீட்டில் செய்து பார்த்தவர் கேட்கும் கேள்விக்குத் தனி மதிப்பு உண்டு.

இன்னொரு வார்த்தை. மரக்கன்று நட்டுப் போட்டோ எடுத்துக்கொள்வது இப்போது ஒரு திருவிழாவாகிவிட்டது. போட்டோவில் கன்று பசுமையாகவே இருக்கிறது. மறு வருஷம் அந்த இடத்தில் குழிகூட இருப்பதில்லை. பிச்சாவரத்துப் படகோட்டியிடம், "காடு திரும்பி வந்ததற்கு எது காரணம்?" என்று கேட்டோம். "நட்டது ஒரு நாள் வேலைங்க. வாய்க்காலைத் தூர் வாரிக்கிட்டே இருக்கணும். விட்டா மறுபடி உப்பேறிடும்" என்றார் அவர்.

வீட்டுக் காரியமும் அப்படித்தான். தை மாதத்தில் செய்த சங்கற்பம் ஆடி மாதத்தில் வண்டல் மூடிப் போகாமல், மின்சாரச் சீட்டு வரும்போதெல்லாம் யூனிட் கணக்கைப் போன தடவையோடு ஒப்பிட்டுப் பார்த்து, வீட்டிலுள்ள குழந்தைகளைக் கொண்டே சுவரில் எழுதி வைக்கச் செய்யலாம். இந்தத் தடவை வரும் சீட்டிலிருந்தே அதைத் தொடங்கும்படி நேயர்களைக் கேட்டுக்கொள்கிறோம். விடுமுறையில் அந்தக் குழந்தைகளை ஒரு முறை பிச்சாவரத்துக்கு அழைத்துச் சென்று, தில்லை மரத்தைக் காட்டி வாருங்கள். அதன் பால் கண்ணில் பட்டால் ஆபத்து. ஆகையால் தொடாமல் பார்க்கச் சொல்லுங்கள். தாங்கள் எதற்காக விளக்கை அணைக்கிறோம் என்பது அதன் பிறகு அவர்களுக்கு விளங்கும்.