ஜப்பானிய வினைச்சொற்களைத் தமிழ் வழியே படிப்போம்

ஜப்பானிய மொழி படிக்கத் தொடங்கும் நம்மவர்கள் முதலில் தேடுவது ஆங்கிலத்தில் எழுதிய வினைச்சொல் அட்டவணையைத்தான். அதை அறைச் சுவரில் ஒட்டி, காலையும் மாலையும் மனனம் செய்கிறார்கள். சில வாரங்களில் "தெ வடிவம்" என்ற ஒன்று வந்து சேரும். பலர் அதோடு களைத்துவிடுகிறார்கள். இந்தக் களைப்புத் தேவையற்றது என்பது என் கருத்து. தமிழ் பேசும் நமக்கு ஆங்கிலம் இங்கே ஒரு சுற்றுவழி.

இது பொழுதுபோக்குக்காகப் படிப்பவர்களின் பிரச்சினை மட்டுமல்ல. உயர்தரத்தில் ஜப்பானிய மொழி ஒரு பாடம். 2019 ஏப்ரலில் ஜப்பான் திறன்பெற்ற தொழிலாளர்களுக்கான புதிய விசாவைத் தொடங்கியது. முதியோர் பராமரிப்பு, உணவகம், விவசாயம் போன்ற துறைகளுக்கு அந்த விசாவில் செல்ல, என்4 தரம் அல்லது அதற்கு நிகரான அடிப்படை மொழிப் பரீட்சை வேண்டும். என் நானாவும் இப்போது அதற்குத்தான் படிக்கிறார். அவருடைய வகுப்பில் விளக்கம் சிங்களத்தில் நடக்கிறது, புத்தகம் ஆங்கிலத்தில் இருக்கிறது. இரண்டையும் அவர் தலைக்குள் தமிழாக்கிக்கொள்ள வேண்டும். வாப்பா கட்டும் வகுப்புக் கட்டணத்தில் பாதி இந்த மொழிபெயர்ப்புக்கே போகிறது என்று நான் சொல்வதுண்டு.

சரி, தெ வடிவம் என்பது என்ன? நாம் இலக்கணப் பாடத்தில் படித்த வினையெச்சம்தான். "தபெரு" என்றால் சாப்பிடு. "தபெத்தெ" என்றால் சாப்பிட்டு. "கக்கு" எழுது, "கைத்தெ" எழுதி. "யொமு" வாசி; "யொந்தெ" வாசித்து. முடிவெழுத்தைப் பொறுத்து வடிவம் மாறுவதைப் பார்த்துப் பயப்படுகிறோம். ஆனால் படி படித்து ஆகிறது, நட நடந்து ஆகிறது, வாங்கு வாங்கி ஆகிறது, போ போய் ஆகிறது. இவற்றை யாராவது அட்டவணை போட்டா நமக்குக் கற்றுத் தந்தார்கள்? வாக்கியங்களாகக் கேட்டுக் கேட்டு வந்தவை. ஜப்பானிய மொழியில் முழுக்க ஒழுங்கு மீறும் வினைகள் "சுரு" (செய்), "குரு" (வா) என்ற இரண்டே. "இகு" (போ) தெ வடிவத்தில் மட்டும் கொஞ்சம் விலகி "இத்தெ" ஆகும். தமிழைவிட அது ஒழுங்கான பிள்ளை.

இதைவிடச் சுவையான விடயம், எச்சத்தோடு சேரும் துணைவினைகள். "மிரு" என்றால் பார். "தபெத்தெ மிரு" என்றால் சாப்பிட்டுப் பார். ஆங்கிலப் புத்தகம் இதற்கு முயற்சி செய்தல் என்று விளக்கம் எழுதி, பயிற்சியும் தருகிறது. நமக்கு அந்த விளக்கமே வேண்டாம். "ஒகு" என்றால் வை. "கத்தெ ஒகு" என்றால் வாங்கி வை. பெருநாளைக்கு முன்பே சாமான் வாங்கி வைக்கும் எந்த உம்மாவுக்கும் இந்த "வை" ஏன் வருகிறது என்று புரியும். "வசுரெத்தெ ஷிமத்த" என்றால் மறந்துவிட்டேன். அந்த "விட்டேன்"இல் உள்ள கவலைகூட அங்கே இருக்கிறது. "கைத்தெ குதசை" என்றால் எழுதித் தாருங்கள்.

பலர் சறுக்குவது "இரு" என்ற வினையில். உயிருள்ளவை இருப்பதைச் சொல்ல ஜப்பானியரும் "இரு" என்கிறார்கள். ஆங்கில அட்டவணை "தெ இரு" என்பதை நடந்துகொண்டிருக்கும் செயல் என்று காட்டும். அதை நம்பியவர் "சென்செய் க கித்தெ இரு" என்ற வாக்கியத்தை ஆசிரியர் வந்துகொண்டிருக்கிறார் என்று எழுதுவார். உண்மையில் அதன் பொருள் ஆசிரியர் வந்திருக்கிறார் என்பது. வந்து, இரு! "தபெத்தெ இரு" போன்ற இடங்களில் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார் என்ற பொருளும் வரும். ஆனால் வருதல், போதல், திருமணம் செய்தல் போன்ற வினைகளில் நம் "வந்திருக்கிறார்", "போயிருக்கிறார்"தான் சரி.

வீட்டிலிருந்து புறப்படும் ஜப்பானியப் பிள்ளை "இத்தெ கிமஸ்" என்று சொல்லும். போய் வருகிறேன். என் உம்மும்மாவிடம் "போறேன்" என்று மட்டும் சொல்லிப் படியிறங்க முடியாது. "போயிட்டு வாறேன்" என்று சொல்ல வைத்துத்தான் விடுவார். ஆங்கிலப் புத்தகம் "நான் கிளம்புகிறேன்" என்று எழுதியதும் அந்த "வருகிறேன்" காணாமல் போய்விடுகிறது. சிங்களத்திலும் "கிஹின் என்னம்" உண்டு. அதனால் சிங்களச் சகோதரிகள் தங்கள் மொழியிலிருந்து நேரே ஜப்பானிய மொழிக்குப் போகிறார்கள். நாம் ஏன் ஆங்கிலத்தைச் சுற்ற வேண்டும்?

இந்த ஒற்றுமைகளைப் பார்த்ததும் தமிழிலிருந்தே ஜப்பானிய மொழி பிறந்தது என்று மார்தட்டச் சிலருக்கு ஆசை வரும். சுசுமு ஓனோ என்ற ஜப்பானிய அறிஞர் இவ்விரு மொழிகளுக்கும் உறவு உண்டென்று வாதாடினார். நம் நாட்டுப் பேராசிரியர் அருணாசலம் சண்முகதாசும் மனோன்மணி சண்முகதாசும் அவரோடு ஆய்வு செய்தார்கள். மொழியியலாளர் பெரும்பாலோர் அந்த முடிவை ஏற்கவில்லை. என் வாதத்துக்கு அந்த உறவு தேவையுமில்லை. கொரிய, துருக்கி மொழிகளிலும் வினை கடைசியில்தான் வருகிறது. உறவினராக இல்லாவிட்டாலும் பக்கத்து வீட்டுக்காரரிடம் உதவி கேட்கலாம்.

தமிழ் காலை வாரும் இடங்களும் உண்டு. "நேற்றுப் போகவில்லை", "இன்று போகவில்லை" இரண்டுக்கும் நமக்கு ஒரே சொல். அங்கே நேற்றைக்கு "இகனகத்த", இன்றைக்கு "இகனை". இதைத் தனியாகத்தான் பழக வேண்டும். இன்னொன்று எழுத்து. திரும்பிச் செல்லுதல், மாற்றுதல் இரண்டும் "கயெரு"தான். முதலாவதன் எச்சத்தில் தகரம் இரட்டிக்கும், மற்றதில் இரட்டிக்காது. தமிழில் எழுதினால் இரண்டும் "கயெத்தெ" என்றே விழும். ஆகவே தமிழால் புரிந்துகொள்ளுங்கள், ஆனால் ஹிரகானாவில் எழுதுங்கள்.

மனதில் நிற்கச் செய்ய எனக்குத் தெரிந்த நல்ல வழி, அன்றாடத்தை ஒரே வாக்கியமாக்குவது. "ஒகித்தெ, இனொத்தெ, ஒச்சா ஒ நொந்தெ, கக்கோ எ இகிமஸ்." எழும்பி, தொழுது, தேத்தண்ணி குடித்து, பள்ளிக்கூடம் போகிறேன். சொல்லுக்குச் சொல் அதே வரிசை. ("நொந்தெ" என்பது குடித்து, நொந்து குடிப்பதல்ல.) நான்கு வினைகளைத் தனித்தனியே நூறு தடவை எழுதுவதைவிட இதை ஒரு கிழமைக்குச் சொல்வது மேல். ஆட்கள் மாறினாலும் வினை மாறாது: போகிறேன், போகிறாள், போகிறார்கள் எல்லாம் "இகிமஸ்" தான்.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். வெளிநாட்டு மொழி படிக்கும் பிள்ளையிடம் "தமிழ் இலக்கணம் இனி எதற்கு?" என்று கேட்காதீர்கள். வினையெச்சம் தெரிந்த பிள்ளைக்குத் தெ வடிவம் பாதி தெரியும். தமிழ் ஆசிரியைகளிடமும் ஒன்று கேட்க இருக்கிறது: ஜப்பானிய மொழி தெரிந்த ஒருவரோடு சேர்ந்து, அன்றாட வினைகளுக்குத் தமிழில் ஒரு சிறு கைந்நூல் எழுத முடியாதா? நானாவுக்காக நான் ஒரு கொப்பியில் தொடங்கியிருக்கிறேன். பக்கத்துக்கு ஒரு வினை, அதன் எச்சம், வீட்டில் பேசும் ஒரு வாக்கியம். இதுவரை 38 வினைகள். பிரதி எடுக்க விரும்பும் தோழியர் இடைவேளையில் உயர்தரக் கலைப்பிரிவு வகுப்புக்கு வரலாம். பிழை கண்டால் பென்சிலால் திருத்தித் தாருங்கள்.