சிறு சொல்லும் சிறியோரும்

கணிப்பொறித் துறையின் முன்னோடிகள் யாவர் என வினவினால், கணித மேதைகளையும் பொறியியல் வல்லுநர்களையுமே நாம் நினைவுகூர்கிறோம். அவ்வரிசையில் இயேசு சபைக் குரு ஒருவரும் இடம்பெறுகிறார் என்பதை நம்மில் பலர் அறியோம். அவரே 1913-இல் இத்தாலியில் பிறந்த அருட்தந்தை ரொபர்த்தோ பூசா.

புனித தோமஸ் அக்குவினாஸின் நூல்களில் 'உள்ளிருத்தல்' என்னும் கருத்தை ஆராயப் புகுந்தார் அவர். பெரிய சொற்களை மட்டும் தேடியபோது போதிய விடை கிட்டவில்லை. 'உள்ளே' எனப் பொருள்படும் 'இன்' என்ற இலத்தீன் சிறுசொல்லிலேயே அக்கருத்துப் பொதிந்து கிடந்தது. அச்சொல் வரும் வாக்கியங்களை ஏறத்தாழ 10,000 அட்டைகளில் தம் கையாலேயே எழுதினார். ஆனால் புனிதரின் நூல்கள் அனைத்தையும் சொல் சொல்லாகத் தொகுப்பதெனில், பல இலட்சம் சொற்களாயிற்றே! ஒருவர் ஆயுள் அதற்குப் போதுமோ?

1949-இல் அவர் நியூயார்க் சென்று, ஐ.பி.எம். நிறுவனத் தலைவர் தாமஸ் வாட்சனைச் சந்தித்தார். இயலாத செயல் என்று வாட்சன் கூறவே, அந்நிறுவனம் அச்சிட்டிருந்த விளம்பரத்தாள் ஒன்றை எடுத்துக் காட்டினாராம் குருவானவர். கடினமானதை உடனே செய்வோம், இயலாததற்குச் சற்றே கூடுதல் நேரமாகும் என்பது அதன் கருத்து. வாட்சன் இசைந்தார். எண்களைக் கணக்கிடவே பயன்பட்டுவந்த இயந்திரம் சொற்களையும் ஆராயத் தொடங்கிற்று. ஏறத்தாழ 30 ஆண்டு உழைப்பின் பயனாய், 56 பெருந்தொகுதிகள் கொண்ட சொல்லடைவு 1980-க்குள் அச்சில் நிறைவுற்றது. பூசா அடிகளார் 2011-இல் இயற்கை எய்தினார்.

ஆயினும் இவ்வரலாற்றில் வேறு சிலரும் உளர். மிலானுக்கு அருகிலுள்ள கல்லராத்தே நகரில் 1956-இல் அவர் ஒரு பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். அங்கே பயின்ற இளம்பெண்களே அட்டைகளில் துளையிட்டு அச்சொற்களை இயந்திரத்திற்கு ஊட்டினர். பெரும்பாலோர் இலத்தீன் அறியாதவர். ஆதலின் ஒவ்வோர் எழுத்தையும் விழிப்புடன் நோக்கியே பணிசெய்ய வேண்டியிருந்தது. இத்துணை உழைத்த அவர்களின் பெயர்களோ நெடுங்காலம் எவராலும் பேசப்படவில்லை. பல ஆண்டுகள் கழிந்த பின்னரே, ஆய்வாளர் அவர்களுள் சிலரைத் தேடிக் கண்டு, அவர்தம் நினைவுகளைப் பதிவு செய்தனர்.

எவரும் பொருட்படுத்தாத சிறுசொல்லில் பெரும்பொருளைக் கண்டவர் பூசா அடிகளார். அவர்தம் பணிக்குத் துணைநின்ற சிறியோரையோ உலகம் மறந்தது. நம் இல்லங்களிலும் பங்குகளிலும் நிறைவேறும் நற்செயல்களை எண்ணிப் பார்ப்போம். அடுப்படியிலும் ஆலய முற்றத்திலும் உழைத்து, நன்றியுரையில் பெயர் விடுபட்டோர் எத்தனை பேர்? அடுத்த முறையேனும் அவர்களைப் பெயர் சொல்லி அழைத்து நன்றி கூறுவோமாக.