பிழைத்தவர் வாழ வேண்டாமா?

2020ஆம் ஆண்டு மார்ச் மாதம் 18ஆம் நாள், நாடு முழுவதும் ஊரடங்கு அமுலாவதற்கு இரு தினங்கள் முன்னரே, புத்தளம், சிலாபம் பகுதிகளில் அது அமுலாகிவிட்டது. அம்மாதம் 28ஆம் நாள் இலங்கையில் கொரோனா நோய்க்கு முதற்பலியானவரும் சிலாபத்திற்குத் தெற்கேயுள்ள மாரவிலையைச் சேர்ந்தவரே. இக்கரையோர மக்களின் முன்வாசலிலேயே வந்து நின்ற துன்பம் அது.

அதன் பின்னர் நாட்டில் 6,70,000க்கு மேற்பட்டோர் நோயுற்றனர் என்றும், 16,000க்கு மேற்பட்டோர் மாண்டனர் என்றும் அரசாங்கக் கணக்குக் கூறுகின்றது. மற்றையோர் யாவரும் ‘குணமடைந்தோர்’ என்ற ஒரே தலைப்பின் கீழ் சேர்க்கப்பட்டனர். 2023 மே 5ஆம் நாள் உலக சுகாதார நிறுவனம் உலகளாவிய அவசர நிலை முடிவுற்றதென அறிவித்தது. கணக்கு முடிந்தது, ஆனால் கடுமையாக நோயுற்றுப் பிழைத்தோரின் துன்பமும் முடிந்துவிட்டதா என்பதே நமது கேள்வி.

இது கற்பனைக் குறையன்று. இந்நோய்க்குப் பிந்திய நிலையை உலக சுகாதார நிறுவனம் 2021 அக்டோபரிலேயே வரையறுத்துவிட்டது. வழக்கமாக நோய் கண்டு மூன்று மாதங்களாகியும் தென்படுவதும், குறைந்தது இரு மாதங்கள் நீடிப்பதும், வேறு காரணம் கூற முடியாததுமான களைப்பு, மூச்சுத் திணறல், சிந்தனைத் தடுமாற்றம் முதலியன அதன் அடையாளங்கள். அதிதீவிர சிகிச்சைப் பிரிவில் பல நாள் கிடந்தவர்களுக்குச் சுமை இன்னும் அதிகம். சுவாசப்பையில் தழும்பு விழுகின்றது, அசைவின்றிக் கிடந்ததனால் தசைகள் கரைகின்றன, நரம்புகள் தளர்கின்றன, உறக்கம் கெட்டு உள்ளம் கலங்குகின்றது.

சீனத்தின் வூகான் நகரில் வைத்தியசாலையிலிருந்து வீடு திரும்பிய 1,192 பேரை வைத்தியர்கள் ஈராண்டு காலம் தொடர்ந்து பரிசோதித்து, 2022இல் முடிவை வெளியிட்டனர். ஆறாம் மாதத்தில் நூற்றுக்கு 68 பேரிடம் ஏதேனுமொரு குறை இருந்தது. ஈராண்டின் பின்னரும் நூற்றுக்கு 55 பேரை அது விட்டபாடில்லை. முன்னர் தொழில் பார்த்தவர்களில் நூற்றுக்கு 89 பேர் பழைய தொழிலுக்கே திரும்பினர் என்பது ஆறுதலான செய்தியே. ஆயினும் திரும்ப இயலாத எஞ்சிய பதினொரு பேரை நாம் மறத்தல் நீதியாகாது.

இந்த இடத்திலேதான் சிலாபத்தின் நிலையை எண்ணிப் பார்க்க வேண்டும். மேசையருகே அமர்ந்து அலுவல் பார்ப்பவர் களைப்புற்றால் சற்றே சாய்ந்து இளைப்பாறலாம். உடப்புக் கரையில் கரைவலை இழுப்பவர் எங்கே சாய்வது? மரத்துக்கு மரம் கட்டிய கயிற்றின் மேல் நடந்து கள் இறக்குபவர் நடுவழியில் மூச்சு முட்டினால் என்ன செய்வது? தென்னந்தோட்டத்தில் குழி வெட்டுபவருக்கும் தேங்காய் உரிப்பவருக்கும் மூச்சே மூலதனம். மூச்சில் பாதி குறைந்தால் அடுப்பெரிவதும் பாதியாகும். நோயினால் வலுவிழந்த குடும்பங்களின் மீது 2022ஆம் ஆண்டின் பொருளாதார வீழ்ச்சியும் வந்து விழுந்ததை நாம் நினைவூட்டத் தேவையில்லை.

நமது கோரிக்கைகள் மூன்று. முதலாவது, கணக்கெடுப்பு. ஒருவரின் வாழ்க்கைத் தரத்தை அளப்பதற்கு உலகெங்கும் வைத்தியர்கள் ஐந்து விடயங்களைக் கேட்கின்றனர்: நடமாட முடிகின்றதா, தன் தேவைகளைத் தானே கவனிக்க முடிகின்றதா, அன்றாட அலுவலைச் செய்ய முடிகின்றதா, வலி உண்டா, மனக்கலக்கம் உண்டா என்பனவே அவை. ஒட்சிசன் பெற்றும் அதிதீவிர சிகிச்சை பெற்றும் வீடு திரும்பியவர்களின் பெயர்கள் வைத்தியசாலைப் பதிவுகளில் உண்டு. குடும்ப நல உத்தியோகத்தர் மூலம் அவர்களைத் தேடி இவ்வைந்தையும் கேட்பதற்குப் பெருஞ்செலவு பிடிக்காது. தமிழர் வீட்டில் தமிழிலேயே கேட்க வேண்டும். தமிழும் அரசகரும மொழியென 1987இல் அரசியலமைப்பில் எழுதிய பின்னர், நோயாளி தன் மூச்சுத் திணறலை வேற்று மொழியில் விளக்கித் தவிக்கும்படி விடுதல் தகாது.

இரண்டாவது, சிகிச்சை. சிலாபம் வைத்தியசாலையில் வாரத்தில் ஒரு நாளையேனும் இவர்களுக்கென ஒதுக்க வேண்டும். ஆறு நிமிடத்தில் ஒருவர் எவ்வளவு தூரம் நடக்கின்றார் என்று பார்க்க ஒரு கடிகாரமும் நீண்ட விறாந்தையும் போதும். மூச்சுப் பயிற்சியும் தசைப் பயிற்சியும் கற்பிக்க இயன் மருத்துவர் வேண்டுமேயன்றி, கடல் கடந்து வரும் இயந்திரம் வேண்டியதில்லை. சிலருக்கு அளவுக்கு மீறிய உழைப்பே நோயைக் கூட்டும் என்பதால், ‘வேலை செய்தால் எல்லாம் சரியாகும்’ என்று வீட்டார் நெருக்குவதும் தவறு.

மூன்றாவது, பிழைப்புக்கு வழி. சிறுநீரக நோயாளருக்கு அரசாங்கம் மாதந்தோறும் உதவிப்பணம் வழங்குகின்றது. நோயினால் உழைக்கும் ஆற்றலை இழந்தவரைத் தாங்குதல் அரசின் கடமை என்ற கொள்கை ஏற்கெனவே ஏற்கப்பட்டதொன்று என்பதற்கு இதுவே சான்று. வைத்தியச் சான்றுடன் வரும் இவர்களுக்கும் அதே நியாயம் கிட்ட வேண்டும்.

திறைசேரியில் பணமில்லை என்று கூறுவார்கள். உழைத்து உண்ணக்கூடிய ஒருவரை வீட்டில் முடக்கி வைப்பதும் நாட்டுக்கு நட்டமே என்று நாம் விடையளிக்கின்றோம். தென்னை வாடினால் வேருக்கு நீர் வார்க்கத் தெரிந்த மக்கள் சிலாபத்து மக்கள். அதை வார்த்தவரின் மூச்சு வாடும்போது பார்த்திருக்கலாமா? வைத்தியர்களும் ஆசிரியர்களும் சட்டத்தரணிகளும் கடற்றொழிலாளர் சங்கங்களும் கமக்காரர் அமைப்புகளும் ஒன்றுகூடி இக்கோரிக்கையைச் சுகாதார அமைச்சின் முன் வைக்க வேண்டும். மரணத்தின் பிடியிலிருந்து மீட்டவர்களை வறுமையின் பிடியில் விட்டுவிடுதல் மீட்பாகாது.