காலெலும்பு தாடையாகும் விந்தை



வாய்ப் புற்றுநோய் கண்டவரிடம், "கீழ்த்தாடையில் ஒரு பகுதியை அகற்ற வேண்டும்" என மருத்துவர் கூறியதும் குடும்பமே நிலைகுலைந்து போகிறது. நோயைக் காட்டிலும் முகம் போய்விடுமே என்னும் அச்சம் பெரிதாகி, நாட்டு மருந்தென்றும் ஓதிப் பார்ப்போமென்றும் மாதங்கள் கழிகின்றன. அதற்குள் நோய் கழுத்துக்கு இறங்கிவிடுகிறது. துஆ கேட்பது நம் கடமை. அது சிகிச்சையை ஒத்திப்போடச் சாக்கு அன்று.

அகற்றிய தாடையை அதே அறுவையிலேயே புதிதாய் அமைக்க இன்று வழியுண்டு. காலெலும்பைக் கொண்டு தாடை அமைக்கும் முறையை 1989-ஆம் ஆண்டு டேவிட் ஹிடால்கோ என்னும் அமெரிக்க மருத்துவர் வெளியிட்டார். முழங்காலுக்குக் கீழே நமக்கு இரண்டு எலும்புகள். உடலின் பாரத்தைப் பெரும்பாலும் தாங்குவது உட்புறத்துப் பருத்த எலும்பே. வெளிப்புறத்து மெல்லிய எலும்பின் நடுப்பகுதியை, அதற்கு இரத்தமூட்டும் குழாய்களோடும், வேண்டுமாயின் மேல்தோலோடும் சேர்த்து எடுக்கிறார்கள். ஆங்காங்கே ஆப்பு வடிவில் அறுத்துத் தாடையின் வளைவுக்கேற்ப மடக்கி, உலோகத் தகடுகளால் பிணைக்கிறார்கள். பின்னர் அதன் குழாய்களைக் கழுத்துக் குழாய்களோடு நுண்ணோக்கியின் துணையால் தைக்கிறார்கள். குழாயின் விட்டம் இரண்டு மூன்று மில்லிமீட்டர். நூலோ தலைமுடியினும் மெல்லியது! தைத்த இடத்தில் இரத்தம் உறைந்தால் அத்தனை உழைப்பும் வீணாகலாம். ஆகவே முதல் சில நாட்கள் இரவு பகலாகப் புதிய தோலின் நிறத்தைச் செவிலியர் அடிக்கடி பார்ப்பார்கள். (நலம் விசாரிக்கக் கூட்டமாய்ச் செல்வோர் அதுவரை பொறுப்பது நலம்.) நாவிலோ கன்னத்தின் உட்புறத்திலோ ஒரு பகுதி போயிருந்தால் முன்கையின் மெல்லிய தோல் உதவுகிறது.

"நின்று தொழ இயலுமா?" எனக் கேட்பீர்கள். முழங்காலருகிலும் கணுக்காலருகிலும் எலும்பின் முனைகளை விட்டுவைப்பதால் பெரும்பாலோர் நடமாடுகிறார்கள். கணுக்காலில் சிறிது விறைப்பு மிஞ்சலாம்.

இறைவன் படைத்த உருவை மாற்றுவதாகாதா என்பது மற்றோர் ஐயம். போரில் மூக்கிழந்த அர்ஃபஜா (ரலி) அவர்கள் வெள்ளி மூக்குப் பொருத்தி, அது நாற்றமெடுத்தபோது, பொன்னால் செய்துகொள்ளுமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்த செய்தி அபூதாவூதிலும் திர்மிதீயிலும் உள்ளது. ஆண்களுக்கு விலக்கப்பட்ட பொன்னே அங்கு ஆகுமாயிற்றெனில், சொந்த எலும்புக்குத் தடையேது?

முகம் முன்போலவே ஆகிவிடுமென்று எண்ணற்க. தழும்பு இருக்கும், பேசவும் விழுங்கவும் பயிற்சி வேண்டும். புகையிலை இரத்தக் குழாயைச் சுருக்குவதால் அறுவைக்கு முன்பே அதை அறவே நிறுத்த வேண்டும். மெல்லுவதற்குப் பல்? அப்புதிய எலும்பிலேயே செயற்கைப் பல் பதிக்கவும் இயலும். கதிர்வீச்சு பெற்றவர்க்கு அதற்குரிய காலத்தை மருத்துவரே சொல்வார்.