கந்த சஷ்டி கவசம் யாருக்குச் சொந்தம்?

சத்தியமங்கலத்துல ஒரு பஜனைக் குழு கந்த சஷ்டி கவசம் பாடி யூடியூப்ல போடுதுன்னு வெச்சுக்குவோம். 'காப்பிரைட்' நோட்டீஸ் வந்தா?

பாட்டு வேற, பதிவு வேற. பக்கத்துச் சென்னிமலையில் அரங்கேறியதாகச் சொல்லப்படும் கவசத்தை எழுதியவர் 19-ஆம் நூற்றாண்டின் தேவராய சுவாமிகள். 1957 பதிப்புரிமைச் சட்டப்படி, ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுகள் வரைதான் உரிமை. எனவே அந்த வரிகள் இன்று பொதுச்சொத்து. ஆனால் சூலமங்கலம் சகோதரிகள் பாடியது போன்ற ஒலிப்பதிவுகளுக்கும், புதிதாகப் போட்ட மெட்டுக்கும் தனி உரிமை உண்டு.

2023-ல் பகவத் கீதை வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் சொன்னதும் இதையேதான்: மூலநூலுக்கு யாரும் உரிமை கோர முடியாது, அதற்கு உரை எழுதியவருக்கு அவருடைய உரை சொந்தம்.

சொந்தக் குரலில் பாராயணம் செய்ய யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். தனக்கு எது சொந்தம்னு நோட்டீஸ் அனுப்புறவங்கதான் காட்டணும். பாடுறவங்க பயந்து வீடியோவை நீக்கக் கூடாது.