ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு மலைப்பாதை

ஆறு நாட்களும் பனியன் கம்பெனியின் ஓவர்லாக் இயந்திரங்களுக்கு நடுவே, பல வாரங்களில் ஒன்றரை ஷிப்டாகவே உழைத்துவிட்டு, சனிக்கிழமை இரவு சம்பளத்தை வாங்கிக்கொண்டு வீடு திரும்புகிற ஒரு திருப்பூர்க் குடும்பத்துக்கு, ஞாயிற்றுக்கிழமை என்பது துணி துவைப்பதிலும் கறிக்கடையில் காத்து நிற்பதிலும் பாதி கழிந்து, எஞ்சிய பொழுது கடைத்தெருவின் நெரிசலில் கரைந்து போகிற நாளாகவே இருந்து வருகிறது. அந்த நாளை மரநிழலிலும் தண்ணீர் ஓரத்திலும் பிள்ளைகளோடு நடந்து கழிக்க அவர்கள் விரும்பினால், ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் போய்க் கைப்பொருளைச் செலவழிக்க வேண்டிய அவசியமில்லை. நம் மாவட்டத்துக்குள்ளேயே, உடுமலைப்பேட்டையிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர் தூரத்தில், திருமூர்த்திமலை இருக்கிறது.

ஆனைமலைத் தொடரின் அடிவாரத்தில், பிரம்மா, விஷ்ணு, சிவன் ஆகிய மும்மூர்த்திகளும் ஒரே பாறையில் எழுந்தருளியிருப்பதாக ஜனங்கள் வணங்கி வரும் அமணலிங்கேஸ்வரர் ஆலயத்திலிருந்து, ஏறக்குறைய 1 கிலோமீட்டர் காட்டுவழியில் மெல்ல ஏறினால் பஞ்சலிங்க அருவி. அங்கே நீராடிவிட்டு இறங்கி, அதே நீர் ஆலயத்தை ஒட்டி ஓடிப்போய்ச் சேருகிற அணையின் கரையோரமாகச் சற்று உலவி, பேருந்து நிற்குமிடத்துக்குத் திரும்பினால் ஒரு சுற்று முடிந்துவிடும். பாட்டியும் பேரனும் ஒருவர் கையை ஒருவர் பற்றிக்கொண்டு, இடையிடையே பாறைமேல் உட்கார்ந்து இளைப்பாறி, அரைநாளில் முடித்துவிடக்கூடிய நடை இது. ஆடி அமாவாசைக்குச் சுற்றுவட்டாரத்துச் சம்சாரிகள் கட்டுச்சோறு கட்டி, மாட்டு வண்டி பூட்டி, குடும்பம் குடும்பமாக வந்து தங்கிப் போன ஸ்தலம் இது என்பதை நினைத்தால், உழைப்பாளிகளின் உல்லாச யாத்திரை இம்மலைக்கு ஒன்றும் புதிதல்ல என்பது விளங்கும்.

இந்நடையை நான் வற்புறுத்துவதற்குத் தேக ஆரோக்கியத்தைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. சர்க்கார்பதியிலிருந்து சுமார் 49 கிலோமீட்டர் நீளமுள்ள காண்டூர் கால்வாய், மலையின் விலாவைச் சுற்றிச் சுற்றிக் கொண்டுவந்து சேர்க்கும் நீரே இவ்வணையைப் பெரும்பாலும் நிரப்புகிறது. இங்கிருந்து அது பல்லடம், பொங்கலூர், காங்கேயம், வெள்ளகோவில் வரையுள்ள வறண்ட காடுதோட்டங்களுக்குப் பாய்கிறது. 1961இல் பண்டித நேரு தொடங்கிவைத்த பரம்பிக்குளம் ஆழியாறு திட்டத்தில் இவ்வணையின் பாசனப் பரப்பு சுமார் 3.77 லட்சம் ஏக்கர். அத்தனைக்கும் ஒரே சமயத்தில் கொடுக்கத் தண்ணீர் போதாமையால், நான்கு மண்டலங்களாகப் பிரித்து முறைவைத்தே விடுகிறார்கள். தண்ணீரை இவ்வளவு சிரமப்பட்டு அளந்து பங்கிட்டுக்கொள்கிற அதே சீமையில்தான், நொய்யல் ஆற்றின் குறுக்கே பாசனத்துக்கென்று 1992இல் முடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவின் தேக்கமாக மாறியதும், 2011இல் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச்சொல்லும் அளவுக்கு நொய்யல் சீரழிந்ததும் நடந்தன. நிறம் மாறிய நீரையே ஆறு என்று பார்த்து வளர்ந்த ஒரு தலைமுறை நம்மிடையே உண்டு. பாறையிடுக்கில் தெளிந்து விழும் நீரைக் கையில் ஏந்திப் பார்த்து, அது போய்ச் சேருகிற அணையையும் அதே நாளில் கண்ணால் காண்கிற குழந்தைக்கு, நொய்யலுக்கு நாம் செய்த தீங்கின் பரிமாணம் எந்தப் பாடப்புத்தகமும் உணர்த்தாத விதத்தில் விளங்கும் என்பது என் உறுதியான நம்பிக்கை.

ஆகவே மாவட்ட நிர்வாகத்திடம் கேட்க வேண்டியவை சில உண்டு. ஞாயிறுதோறும் திருப்பூரிலிருந்து நேரே மலையடிவாரத்துக்குக் காலையில் புறப்பட்டு மாலையில் திரும்பும் பேருந்துகள் போதிய அளவில் ஓட வேண்டும். இரண்டு இடங்களில் வண்டி மாறிக் கைக்குழந்தையோடு வருகிற தாய்க்கு, அருவி கண்ணில் படுமுன்பே களைப்பு வந்துவிடுகிறது. பெண்கள் உடை மாற்றச் சுத்தமான அறைகளும், அணையோரம் நடப்பதற்கு நிழல்மரங்கள் வைத்த பாதையும் வேண்டும். அருவிப் பகுதி ஆனைமலைப் புலிகள் காப்பகத்துக்குள் அடங்குவதால், மேலே புதிதாகக் கட்டிடம் எதையும் எழுப்பக்கூடாது. ஷாம்பு பாக்கெட்டும் பிளாஸ்டிக் பாட்டிலும் அடிவாரத்திலேயே நின்றுவிட வேண்டும்.

எல்லாவற்றினும் முக்கியமானது வெள்ள எச்சரிக்கை. குருமலை, குழிப்பட்டிப் பக்கம் மேலே மழை கொட்டினால், கீழே வானம் வெளுத்திருக்கும்போதே அருவியில் செந்நீர்ப் பிரவாகம் திடீரென்று பாய்ந்து, சில சமயம் ஆலயத்தையே சூழ்ந்துவிடுகிறது. அது உயிர்ப்பலி கொண்ட துயரமும் இங்கே நேர்ந்திருக்கிறது. அத்தகைய நாட்களில் குளிக்கத் தடை விதிக்கிறார்கள்; அது சரியான காரியம். ஆயினும் மேலே பெய்யும் மழையை உடனுக்குடன் அறிந்து ஒலிபெருக்கியில் அறிவிக்கிற ஏற்பாடும், இறங்கும் வழிநெடுகப் பிடித்துக்கொள்ளக் கம்பிகளும், அறிவிப்புக் கேட்டவுடன் கூட்டத்தை வெளியேற்றப் பயிற்சி பெற்ற ஆட்களும் மழைக்காலம் தொடங்குமுன்பே அங்கே இருக்க வேண்டும்.